போரில் பிரிந்த பிள்ளையை உடனே தத்து கொடுக்கலாமா?

காட்பாடிக்காரன்: போரில் தனியா நிக்கிற பிள்ளையை வருஷக்கணக்கா காப்பகத்துல போட்டு வைக்கிறதுக்கு, கேக்கிற தம்பதிக்குக் கொடுத்துடலாம். தத்துக்குப் பதிஞ்சிட்டு நம்ம வேலூர்லயே காத்திருக்காங்க. சட்டமும் 2 வயசுக்குக் கீழ 2 மாசம், அதுக்கு மேல 4 மாசம்தானே சொல்லுது?

பாலாற்றங்கரை: அந்தக் கெடு, பெத்தவங்க இல்லைன்னு குழந்தைகள் நலக்குழு விசாரிச்சு முடிவு பண்றதுக்கு சார். கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை நடக்கும்போது யார்கிட்ட விசாரிப்பீங்க? வியட்நாம் போர் முடியுற நேரம், 1975 ஏப்ரல்ல அங்க சைகோன்ல இருந்து 2,500க்கு மேல பிள்ளைங்களை அமெரிக்கா பிளேன்ல ஏத்திட்டுப் போச்சு. எல்லாருமே அநாதை இல்ல. விஷயம் கோர்ட்டு வரைக்கும் போச்சு.

காட்பாடிக்காரன்: அது அந்தக் காலம். இப்போ டிஎன்ஏ இருக்கே.

பாலாற்றங்கரை: ஒப்பிட்டுப் பாக்க எதிர்ல ஒரு ஆள் வேணுமே! கோட்டை விடுறது முதல் நாள் பதிவேட்டுலதான். ஈழத்துப் பிள்ளை தகப்பன் பேரை முழுசா சொல்லும். பதிவேடு எழுதுற நம்ம ஆளு பழக்கத்துல 'கு.'ன்னு இனிஷியல் போட்டுட்டுப் போயிடுவாரு. குமாரசாமியா, குணரத்தினமா? செஞ்சிலுவை தேடுறப்போ அந்த ஒரு எழுத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. வயசு தெரியலைன்னா குத்துமதிப்புன்னே எழுதணும். ஜூன் 1-ன்னு பிறந்த தேதி போட்டா அதுவே நிஜமாயிடும். சின்னப் பிள்ளைக்கு ஊர் பேர் தெரியாது. பக்கத்துக் கோயில், குளம், வீட்டுல கூப்பிடுற பேரைக் கேட்டு, அது சொன்ன மாதிரியே எழுதணும். மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாம்ல பெரியவங்ககிட்ட சொன்னா எந்த ஊருன்னு பிடிச்சிடுவாங்க. பிள்ளை போட்டுட்டு வந்த துணியைத் தூக்கிப் போடக்கூடாது. அக்கா தம்பியை ஆண், பெண் இல்லம்னு பிரிச்சு அனுப்புறதுதான் இருக்கிறதுலயே மோசம்.

குடியாத்தம் செல்வி: சித்தப்பான்னு ஒருத்தர் வந்து நின்னா? கூட்டிட்டுப் போய் பீடி சுத்த உக்கார வச்சா யார் பாக்கிறது?

பாலாற்றங்கரை: நல்ல கேள்விங்க. போட்டோவைக் காட்டாம, தழும்பு, மச்சம், கூடப்பிறந்தவங்க பேரை முதல்ல அவர்கிட்ட கேக்கணும். பிள்ளைகிட்ட தனியா கேக்கணும். ஒத்துப்போனாலும் நலக்குழு உத்தரவு இல்லாம அனுப்பக்கூடாது, அப்புறமும் வீட்டுக்குப் போய்ப் பாக்கணும். வாட்ஸப்ல படம் போடுறவங்க முதல்ல நிறுத்துங்க. சட்டப்படி குத்தம், பொய்யா உரிமை கொண்டாடுறவனுக்கும் அடையாளம் கிடைச்சிடும்.

காட்பாடிக்காரன்: எவ்ளோ நாள் தேடுறது?

பாலாற்றங்கரை: ஐ.நா. அகதிகள் ஆணைய வழிகாட்டல்ல குறைஞ்சது 2 வருஷம்.

காட்பாடிக்காரன்: கைக்குழந்தைக்கு அது ரொம்ப ஜாஸ்தி. நான் ஒத்துக்க மாட்டேன்.

பாலாற்றங்கரை: அதுவரைக்கும் காப்பகம் வேணாம், வளர்ப்புக் குடும்பத்துல விடுங்க. அதுக்கும் சட்டத்துல வழி இருக்கு. பேரை மட்டும் மாத்தாதீங்க.