செத்த பிட்ச் எண்டால் 169 எப்பிடி வந்தது?

வெள்ளவத்தை_வாசி:
மேல ஒரு தம்பி எழுதியிருக்கிறார், "டெஸ்ட் கிரிக்கெட்ட கெடுத்ததே கொழும்பு பிட்ச்தான், எஸ்.எஸ்.சி கிரவுண்ட்ல இருக்கிறது போலருக்கு ஒண்ணும் குடுக்காத செத்த பிட்ச், ரோடு மாதிரி, அதுல யாரும் 600 அடிக்கலாம்" எண்டு. வாசிச்ச நேரம் தொடக்கம் பத்திக்கொண்டு வருது. 2006 ஜூலை, எங்கட மஹேல 374, சங்கா 287, ரெண்டுபேரும் சேந்து 624, ஓம், அதே எஸ்.எஸ்.சிதான். ஆனா அதே பிட்ச்சில முதல் நாள் முதல்ல ஆடின தென்னாபிரிக்கா எத்தினைக்கு ஓல் அவுட்? 169. நாங்களும் 14க்கு 2. செத்த பிட்ச்சில 169 எப்பிடி வந்தது, அதைச் சொல்லும் முதல்ல.

கொட்டாஞ்சேனை_பையன்:
அந்த தம்பி நான்தான் அண்ணே. அதே தென்னாபிரிக்கா ரெண்டாவது இன்னிங்ஸ்ல 434 அடிச்சத ஏன் விட்டுட்டீங்க? கடைசி நாள்ல பிட்ச் ஒடையணும், பந்து எகிறணும், தாழணும். அதுதானே டெஸ்ட். அதுவும் அவங்க பெரிய தலைங்க ஸ்மித்தும் வரல, கலிசும் வரல, பிரின்ஸ் கப்டனா வந்த டீம்.

வெள்ளவத்தை_வாசி:
434 அடிச்சும் இன்னிங்ஸ் தோல்வி, 153 ரன்ஸால. எங்கட சுழல் போலர் முரளி மட்ச்சில 10 விக்கெட். நான் கேட்டது 169. அதுக்குப் பதில் எங்க?

தெமட்டகொட_நானா:
பந்து திரும்பினாலும் கொற செல்ற, திரும்பாட்டியும் கொற செல்ற. 2011ல காலி ஊர் கிரவுண்ட் பிட்ச்சுக்கு ஐ.சி.சி மோசம் எண்டு போட்டது இதே ஆக்கள்ட பேச்சால தானே. கேப்டவுன்ல 2024ல 642 பந்துல முழு டெஸ்ட்டும் முடிஞ்சிச்சு, அத யாரும் கொழும்பு தலைல கட்டேல்ல. ஆனா 97ல கொழும்பு பிரேமதாச கிரவுண்ட்ல நாங்க 952 அடிச்சத நான் வாப்பாவோட போய் பாத்த, சனத் 340, மஹாநாம 225. உண்மைய செல்லணுமே, அது சும்மா தார் ரோடுதான் மச்சான்.

வெள்ளவத்தை_வாசி:
நானா, அது பிரேமதாச. நாங்க கதைக்கிறது எஸ்.எஸ்.சி. கிரவுண்டைக் குழப்பாதேங்கோ.

கொட்டாஞ்சேனை_பையன்:
சரி எஸ்.எஸ்.சியே எடுப்போம். 2010 ஜூலை. நாங்க 642க்கு 4, இந்தியா 707, டெண்டுல்கர் 203, சங்கா 219. அஞ்சு நாளும் போச்சு, மட்ச் டிரா. இது தரமான டெஸ்ட்டா?

வெள்ளவத்தை_வாசி:
அதுக்கு முதல் மட்ச்சிலதான் முரளி காலியில 800வது விக்கெட் எடுத்து ஓய்வெடுத்தது! முரளி இல்லாத மட்ச்சைக் கொண்டுவந்து பிட்ச்சில பழி போடுறீர். போலர் இருந்தா எந்தப் பிட்ச்சும் உயிரோட இருக்கும்.

கொட்டாஞ்சேனை_பையன்:
அப்போ நீங்களே ஒத்துக்கிட்டீங்க, முரளி இல்லன்னா செத்த பிட்ச். நான் சொன்னதும் அதேதான். சாதாரண போலருக்கும் பிட்ச் ஏதாவது குடுக்கணும், காலைல கொஞ்சம் ஈரம், அஞ்சாம் நாள் கொஞ்சம் வெடிப்பு. ரோலரப் போட்டு சப்பட்டையாக்கினா அவன் என்ன செய்வான்?

வெள்ளவத்தை_வாசி:
நான் ஒண்டும் ஒத்துக்கொள்ளேல்ல. நீர் போன மாசமும் எங்கட சுழல் போலர் ஹேரத்தைப் பற்றி இப்பிடித்தான் சொன்னதை மாத்தினீர், மறந்துபோனீரோ? 2016ல இதே எஸ்.எஸ்.சியில ஹேரத் அவுஸ்திரேலியாவுக்கு 13 விக்கெட் எடுத்தார். அவரும் முரளியோ? அந்தப் பிட்ச்சும் செத்ததோ?

கொட்டாஞ்சேனை_பையன்:
ஹேரத் கதைய இழுக்காதீங்க, அன்னைக்கு தூஷணத்துல ஏசினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

தெமட்டகொட_நானா:
ரெண்டு பேரும் எஸ்.எஸ்.சில போய் ஒரு நாள் முழுக்க வெயில்ல குந்தி ஈக்கீங்களா?

வெள்ளவத்தை_வாசி:
2006ல அஞ்சு நாளும் போனனான் நானா, 169க்கு உருண்டதை நேர்ல கண்டனான், அதாலதான் சும்மா விடேலாமல் இருக்கு. தம்பி, பேச்சை மாத்தாதேயும். 169. பதில்?

கொட்டாஞ்சேனை_பையன்:
434.