ஆத்தங்கரையில டென்ட் போட்டு தங்கி மீன் பிடிக்கப் போறோம், என்னென்ன பாக்கணும்?

கேட்டவர்: புதுத்தூண்டில்
வணக்கம் மக்களே. அடுத்த மாசம் குடும்பத்தோட ஆத்தோரமா ஒரு இடத்துல தங்கலாம்னு இருக்கோம். கூட்டமே வராத இடம், டென்ட் போட்டுக்கலாம், ஒரு கழிப்பறை இருக்கு, அவ்ளோதான், கடை கண்ணி கரண்ட் எதுவும் கிடையாது. மீன் பிடிக்க விடுவாங்களாம். எனக்கு ரெண்டுமே புதுசு. டென்ட்ட தண்ணிக்கு எவ்ளோ பக்கத்துல போடலாம்? பையன் மணல் மேலதான் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். மீனுக்கு ரீல் வச்ச ராடுதான் வேணுமா? அப்புறம் தண்ணி பாக்க கண்ணாடி மாதிரி இருக்குமாம், அப்படியே குடிக்கலாமா?

பதில்: மேட்டுக்கரை
பையன் கோவிச்சாலும் பரவால்ல, மணல்ல மட்டும் போடாதீங்க. அந்த மணல் திட்டே வெள்ளம் கொண்டாந்து கொட்டினதுதான். நம்ம தலைக்கு மேல வானம் வெளுத்துக் கிடக்கும், மேல எங்கயோ மலையில மழை கொட்டித் தீத்துருக்கும், இல்ல அணை இருந்தா ராத்திரி திறந்து விட்டுருவாங்க, தூக்கத்துல நமக்கு ஒன்னும் தெரியாது. அணை இருக்கா, எப்போ திறப்பாங்கன்னு அங்க பொறுப்புல இருக்கறவங்ககிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க. கரையில புதர்லயும் மரக்கிளையிலயும் காஞ்ச சருகு, சுள்ளி எல்லாம் சிக்கித் தொங்குதான்னு பாருங்க, அந்த உசரம் வரைக்கும் தண்ணி ஏறியிருக்குன்னு அர்த்தம், அதுக்கும் நல்லா மேல இடம் பாருங்க. கரையிலருந்து 60 மீட்டர் தள்ளிப் போடுங்கன்னு பொதுவா சொல்வாங்க, ஆனா என்னைக் கேட்டா தூரத்த விட உசரம்தான் முக்கியம்.

போனதும் தண்ணி ஓரத்துல ஒரு குச்சி நட்டு வைங்க, அப்பப்போ பாத்துக்கிட்டா ஏறுதா இறங்குதான்னு தெரிஞ்சிரும். தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்குது, குப்பையும் சுள்ளியுமா மிதந்து வருது, சத்தம் மாறுதுன்னா சாமானெல்லாம் அப்புறம், மொதல்ல ஆளுங்கள மேட்டுக்கு ஏத்துங்க.

பதில்: ஈரப்போர்வை
மேல சொன்னதோட இன்னொன்னு. குளிர்ந்த காத்து பள்ளத்துலதான் வந்து தங்கும், ஆத்தோரம் ஈரமும் ஜாஸ்தி, குளிருதேன்னு டென்ட் ஜன்னலையெல்லாம் மூடிட்டுப் படுத்தா விடியறப்போ உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும். கொஞ்சம் திறந்து வைங்க. அடுப்போ கரியோ உள்ள வேணவே வேணாம், அந்தப் புகையில வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கும், ஆளையே கொன்னுரும்.

தண்ணி எவ்ளோ தெளிவா இருந்தாலும் கிருமி கண்ணுக்குத் தெரியாதுல்ல. நல்லா தளதளன்னு கொதி வந்து 1 நிமிஷம் விட்டு இறக்குங்க, 2000 மீட்டருக்கு மேல மலையில இருந்தா 3 நிமிஷம். குளோரின் மாத்திரை போடறதா இருந்தா துணியில வடிகட்டிட்டுப் போடுங்க, கலங்கல்ல அது சரியா வேலை செய்யாது.

பதில்: தக்கைராசா
மீனுக்கு வருவோம். ரீல் இல்லாமலே தாராளமா பிடிக்கலாம், ஒரு நீளக் கம்பு, அதே நீளத்துக்கு நரம்பு (தூண்டில் கயிறுதான்), தக்கை, சின்னதா ஈயம், சின்ன தூண்டில் முள், இரைக்கு மண்புழு, புதுசா பிடிக்கறவங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும். பெரிய முள்ளா வாங்கிட்டு ஒன்னும் கடிக்கலன்னு உக்காந்திருக்கறவங்கதான் அதிகம், சின்ன முள்ளுல பெரிய மீனும் மாட்டும், பெரிய முள்ளு சின்ன மீன் வாய்க்குள்ளயே போகாது.

இடம்தான் விஷயமே. நடு ஆத்துல இழுக்கற தண்ணியில மீன் சும்மா நின்னு சக்திய வீணாக்காது, பாறைக்குப் பின்னாடி, விழுந்து கிடக்கற மரத்தடி, வேகத் தண்ணியும் மெதுவான தண்ணியும் சேர்ற கோடு இருக்கு பாருங்க, அங்கதான் ஒதுங்கி நின்னு மிதந்து வர்ற இரைய எடுக்கும். அதுக்கு மேல்பக்கமா போட்டு தண்ணியோட போக்குலயே இரைய இறங்க விடுங்க. வெயில் ஏறி தண்ணி சூடானா அதுல ஆக்சிஜன் குறையும், மீன் மடுவுக்குப் போய் மந்தமாயிரும், அதனால விடிகாலையும் பொழுது சாயற நேரமும்தான் நல்லா கடிக்கும். கரையில தொம்மு தொம்முன்னு நடக்காதீங்க, அந்த அதிர்வு மீனுக்கு உடனே தெரியும். பேசறதெல்லாம் பேசலாம்.

கெளுத்தி மாட்டினா ஜாக்கிரதை, முதுகுலயும் ரெண்டு பக்கமும் முள் இருக்கும், குத்தினா கடுக்கும், பசங்கள கழட்ட விடாதீங்க. திருப்பி விடற மீன கைய நனைச்சிட்டுத் தொடுங்க, காஞ்ச கையில பிடிச்சா மேல இருக்கற வழவழப்பு போயிரும், அதுதான் அதுக்கு நோய் வராம காக்கறது. அறுந்த நரம்ப அங்கயே போட்டுட்டு வந்துராதீங்க, பறவை காலு சுத்திக்கிட்டு சாகும். லைசென்ஸ் வேணுமா, எந்த சைஸுக்குக் கீழ பிடிக்கக் கூடாதுன்னும் கேட்டுக்கங்க.

கேட்டவர்: புதுத்தூண்டில்
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அணை விஷயம் எனக்குத் தோணவே இல்ல, இன்னைக்கே ஃபோன் போட்டுக் கேக்கறேன். பசங்கள தண்ணியில இறக்கலாமா? முட்டி ஆழம்தான் இருக்கும்னாங்க.

பதில்: மேட்டுக்கரை
முட்டி ஆழம்ங்கிறத நம்பாதீங்க, வேகமா ஓடற தண்ணி அந்த ஆழத்துலயே பெரியவங்க காலையும் வாரிரும். ஆறு வளையற இடத்துல வெளிப்பக்கம் ஆழமா அரிச்சிருக்கும், உள்பக்கம்தான் மேடு, இறங்கறதா இருந்தா அங்க, அதுவும் நீங்க மொதல்ல ஒரு கம்பு வச்சு ஆழம் பாத்துட்டு. பசங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி விடுங்க, நீச்சல் தெரிஞ்சாலும்தான். காலுக்கு செருப்பு வேணாம் ஷூ போடுங்க, எவனோ விட்டுட்டுப் போன தூண்டில் முள் தண்ணிக்கடியில கிடக்கும்.

பதில்: தக்கைராசா
ஆமா, ஒரு சின்ன கட்டிங் பிளேயரும் எடுத்துப் போங்க. யார் கையிலயாவது முள் ஏறினா பின்னாடி இழுக்கவே கூடாது, முள்ளு நுனிக்குப் பக்கத்துல பின்னோக்கி நீட்டிக்கிட்டு இருக்கற கொண்டி சதையக் கிழிச்சிரும். ஆழமா போயிருந்தா, இல்ல கண்ணுக்குப் பக்கத்துலன்னா, தூண்டில் நரம்ப மட்டும் வெட்டிட்டு அப்படியே டாக்டர்கிட்ட போயிருங்க.