சிசேரியன் குழந்தைக்குச் சீக்கிரம் சொத்தைப்பல் வருமா? உங்க அனுபவம் சொல்லுங்க

சுட்டிப்பையன் அம்மா:
மூத்தவள் சுகப்பிரசவம், சின்னவன் சிசேரியன். ஒன்றரை வயசுல அவனோட மேல் முன்பல் ரெண்டுலயும் ஈறை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு. துணியால துடைச்சாலும் போகல. டாக்டரம்மா உதட்டைத் தூக்கி, பல்லைக் காத்தடிச்சுக் காயவச்சாங்க. காய்ஞ்சதும் கோடு பளிச்சுனு தெரிஞ்சுது. சொத்தையோட ஆரம்பம், இன்னும் குழி விழலன்னு சொல்லி ஃபுளோரைடு வார்னிஷ் பூசிவிட்டாங்க. வீட்டுக்கு வந்தா நாத்தனார், "ஆபரேஷன்ல பொறந்த பிள்ளைல்ல, அப்படித்தான்"னுட்டாங்க. எரிச்சலா வந்துச்சு. அடுத்த முறை டாக்டர்கிட்டயே கேட்டேன். "அதுல கொஞ்சம் விஷயம் இருக்கு, ஆனா அது மட்டும் காரணமில்ல"ன்னாங்க. உங்க வீட்டுல எப்படி?

ரெண்டு பொண்ணுங்க அப்பா:
எங்க வீட்டுல அப்படியே தலைகீழ். பெரியவ சிசேரியன், ஒரு பல்லுகூடக் கெடல. சின்னவ நார்மல், மேல் முன்பல் நாலும் பழுப்பாகி ஓரம் உதிர ஆரம்பிச்சிடுச்சு. பால் பாட்டில் வாயில இருந்தாத்தான் தூங்குவா. கீழ் முன்பல் மட்டும் எப்படி முத்து மாதிரி இருக்குன்னு கேட்டேன். சப்பும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்குமாம், எச்சில் சுரப்பியும் பக்கத்துலயே இருக்கறதால கழுவிக்கிட்டே இருக்குமாம். தூக்கத்துல எச்சில் குறைஞ்சிடும், மேல்பல்லுல பால் அப்படியே தேங்கி நிக்குமாம். இதுக்கும் பிரசவத்துக்கும் என்னங்க சம்பந்தம்?

மழைத்துளி:
எனக்கும் சிசேரியன்தான். தாய்ப்பால், எடை, சளின்னு எல்லாத்துக்கும் அதையே இழுத்தாச்சு, இப்ப பல்லுமா! குழந்தை மூச்சுத் திணறினப்ப எடுத்த முடிவுங்க அது. இன்னொரு தடவை கேட்டாலும் ஆபரேஷனுக்குத்தான் கையெழுத்துப் போடுவேன்.

பல் கிளினிக் அக்கா:
பல் மருத்துவமனையில வேலை பார்க்கறேன், தெரிஞ்சதைச் சொல்றேன். சுகப்பிரசவத்துல குழந்தைக்கு முதல்ல ஒட்டறது அம்மாவோட பிறப்புப் பாதைக் கிருமிகள். சிசேரியன்ல பெரும்பாலும் தோல்ல இருக்கற கிருமிகள். பிறந்த உடனே குழந்தை வாயிலயே இந்த வித்தியாசம் தெரியுதுன்னு 2010-ல ஒரு ஆய்வு காட்டுச்சு. சொத்தையில முக்கியப் பங்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்ங்கற கிருமிக்கு. அது தங்கிப் பெருகப் பல் மாதிரி கெட்டியான இடம் வேணும். 2005-ல வந்த அமெரிக்க ஆய்வுல சிசேரியன் குழந்தைங்க வாயில அது சராசரியா 17 மாசத்துலயே தென்பட்டுச்சு, சுகப்பிரசவத்துல கிட்டத்தட்ட 29 மாசம். நல்ல கிருமிகள் முன்னாடியே இடம் பிடிக்காததால இது சீக்கிரம் நுழையுதோன்னு ஒரு விளக்கம் இருக்கு.

ஆனா கிருமி சீக்கிரம் வந்தா சொத்தை வந்தே தீரும்னு அர்த்தமில்ல. சொத்தையை நேரடியா எண்ணிப் பார்த்த ஆய்வுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. சர்க்கரை கிடைக்காட்டி அந்தக் கிருமியால பெருசா அமிலம் உண்டாக்க முடியாது. அதனால கிளினிக்குக்கு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது ராத்திரி பாட்டிலைப் பத்தித்தான். அடுத்தது அம்மா அப்பா வாயில வைத்தியம் பார்க்காத சொத்தை இருக்கான்னு. கிருமி பெரும்பாலும் வீட்டு ஆளுங்க எச்சில்லேர்ந்துதான் வருது. பிரசவம் எப்படின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாலும் வைத்தியம் மாறப்போறதில்ல.

சுட்டிப்பையன் அம்மா:
நன்றி அக்கா. என் கடைவாய்ப்பல்லுல ஒரு குழி ரொம்ப நாளா சும்மா கிடக்கு, அதை அடைக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். சின்னவனுக்குத் துப்பத் தெரியாதே, ஃபுளோரைடு பேஸ்ட் போடலாமா?

பல் கிளினிக் அக்கா:
போடலாம்மா. முதல் பல் வந்ததுலேர்ந்து 3 வயசு வரைக்கும் ஒரு அரிசி அளவு, அதுக்கப்புறம் பட்டாணி அளவு. அரிசி அளவுன்னா துப்பலன்னாலும் பயமில்ல. பிரஷ்ஷை நீங்களே பிடிச்சுத் தேய்ங்க, ராத்திரி தேய்ச்சதுக்கப்புறம் தண்ணி மட்டும் குடுங்க. வாரம் ஒரு தடவை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்க, அந்தக் கோடு சொரசொரப்பாவோ பழுப்பாவோ மாறினா உடனே கூட்டிட்டுப் போயிடுங்க.