240 பேருக்கு பாஸ்வேர்டு போட்டேன், வந்தது இரண்டே இரண்டு

லேப்சாவி:
ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் அசிஸ்டென்டாக இருக்கிறேன். திங்கட்கிழமை முதலாண்டு மாணவர்கள் 240 பேர் லினக்ஸ் லேபுக்கு வருகிறார்கள், ஆளுக்கொரு லாகின் வேண்டும். போன வருஷம் பதிவு எண்ணையே பாஸ்வேர்டாகக் கொடுத்தோம். இரண்டாவது வாரமே ஒருத்தன் அசைன்மென்டை இன்னொருத்தன் அழித்து, பஞ்சாயத்து எச்ஓடி (துறைத்தலைவர்) அறை வரை போனது.

இந்த முறை பாஷில் (லினக்ஸின் கமாண்ட் மொழி) ஒரு ஃபார் லூப், அதாவது ஆளுக்கொரு முறை திரும்பத் திரும்ப ஓடும் நிரல், எழுதினேன். டேட் கமாண்டில் அந்த நேரத்தின் நொடிக்கணக்கை எடுத்து, ஷா256சம்மில் (எதைக் கொடுத்தாலும் அதற்கென ஒரு நீண்ட குறியீடு தரும் கமாண்ட்) விட்டு, பேஸ்64 (64 வகை எழுத்தில் எழுதும் முறை) ஆக்கி, ஹெட் கமாண்டால் முதல் 8 எழுத்தை வெட்டுகிறது. ஒவ்வொன்றும் பார்க்க அருமையாகத்தான் இருந்தது. கோப்பைத் திறந்தால் முதல் 97 பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு, மீதி 143 பேருக்கு இன்னொன்று! லூப் ஓடி முடிப்பதற்குள் நொடி ஒரே ஒரு தடவைதான் மாறியிருக்கிறது.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடி காத்திருக்க ஸ்லீப் 1 சேர்த்தேன். நாலு நிமிஷம் ஓடியது, 240-உம் வேறு வேறு. இது போதுமா? (போனில் தட்டுகிறேன், அதனால் கமாண்டெல்லாம் தமிழ் எழுத்தில். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கருந்திரை:
போதாது சார். 17ஆம் எண் மாணவனுக்கு இந்த வித்தை தெரிந்திருந்தால் (தேடினால் நிறைய இடத்தில் கிடைக்கும்) ஒரு நாளின் 86,400 நொடிக்கும் பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பான். தன்னுடையது எந்த நொடி என்று உங்கள் லேப் கம்ப்யூட்டரிலேயே சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். 18ஆம் எண்காரனுடையது? அநேகமாக அடுத்த நொடி. ஸ்லீப் போட்டு நீங்களே வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டீர்கள்.

இன்னொரு வேடிக்கை. கோப்பை மறுபடி பாருங்கள்: எல்லாப் பாஸ்வேர்டும் எம், என், ஓ, ஒய், இசட் இந்த ஐந்தில் ஒன்றில்தான் தொடங்கும், அந்த ஐந்துமே பெரிய எழுத்து. ஷா256சம் தருவது வெறும் ஹெக்ஸ் எழுத்துகள் (0 முதல் 9, ஏ முதல் எஃப்), 16 வகைதான். அதை பேஸ்64 ஆக்கினால் 8 எழுத்துக்குள் 6 ஹெக்ஸ் எழுத்துதான் அடங்கும். ஆக மொத்தம் 1,67,77,216 சாத்தியம். நேர்மையான 8 பேஸ்64 எழுத்து என்றால் சுமார் 281 லட்சம் கோடி வந்திருக்கும்.

லேப்சாவி:
பார்த்தேன். 240-இல் ஒன்றுகூட அந்த ஐந்தை விட்டு வெளியே இல்லை. கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கிறது. பாஷிலேயே ரேண்டம் என்று ஒரு மாறி இருக்கிறதே, அதை வைத்துச் செய்யலாமா?

கருந்திரை:
வேண்டாம். அது 0 முதல் 32,767 வரை எண் தரும், விளையாட்டுக்குச் சரி. ரகசியத்துக்காக உண்டானதல்ல. லினக்ஸின் மையமான கெர்னலிடமே கேளுங்கள், ஊகிக்க முடியாத எண்களைத் தர அதற்குத்தான் டெவ் யூரேண்டம் இருக்கிறது.

முனையவாசி:
கையால் எழுதவே தேவையில்லை. பிடபிள்யூஜென் என்ற பாஸ்வேர்டு உருவாக்கும் நிரலை நிறுவிக்கொண்டு, அதற்கு மைனஸ் சிறிய எஸ், மைனஸ் பெரிய பி (ஏ-வுக்கு அடுத்து வரும் பி), பிறகு 12, 240 என்று கொடுங்கள். 12 எழுத்தில் 240 பாஸ்வேர்டு கண்சிமிட்டும் நேரத்தில் வரும். எஸ்ஸை மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் வாயில் நுழைகிற மாதிரி எழுத்துகளைச் சேர்க்கும், பலம் குறைவு. பெரிய பி போட்டால் பூஜ்யமா ஓவா, ஒன்றா சிறிய எல்லா என்று குழப்பும் எழுத்துகள் வராது. முதலாண்டுப் பிள்ளைகள் தாளைப் பார்த்துத் தட்டும்போது அது எவ்வளவு தலைவலியை மிச்சப்படுத்தும் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்கிரிப்டின் முதல் வரியில் யூமாஸ்க் 077. அது போட்டால் உருவாகும் கோப்பை உங்களைத் தவிர மற்றவர்கள் திறக்க முடியாது; பட்டியலை மற்றவர்கள் திறக்கக் கூடாதல்லவா. பேஸ்ட் கமாண்டில் பதிவு எண், நடுவில் முக்காற்புள்ளி, பாஸ்வேர்டு என்று சேர்த்து, மொத்தமாகப் பாஸ்வேர்டு போடும் சிஎச்பாஸ்டபிள்யூடி கமாண்டுக்கு அப்படியே ஊட்டுங்கள். பிறகு ஒவ்வொரு கணக்குக்கும் சேஜ் (பாஸ்வேர்டின் காலாவதியை அமைக்கும் கமாண்ட்), மைனஸ் சிறிய டி (சி-க்கு அடுத்து வரும் டி), 0. முதல் லாகினிலேயே மாற்றச் சொல்லி நிற்கும்.

பழையசர்வர்:
ஒரே ஒரு எச்சரிக்கை. குறியீடுகளும் வேண்டுமென்று ஆசைப்பட்டு மைனஸ் ஒய் சேர்த்துவிடாதீர்கள். ஒரு அலுவலகத்தில் 600 கணக்குக்கு அப்படிச் செய்து, பட்டியலை எக்செல்லில் திறந்தேன். சமக்குறியில் தொடங்கியதையெல்லாம் அது ஃபார்முலா என்று நினைத்துக்கொண்டது. அன்று முழுக்க போன்தான்.

லேப்சாவி:
பிடபிள்யூஜென் போட்டாயிற்று. வரிசைப்படுத்தி இரட்டிப்பைக் கண்டுபிடிக்க சார்ட், யூனிக் கமாண்டுகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன், இரட்டிப்பு எதுவும் இல்லை. சோதனைக்கு என் கணக்கிலேயே சேஜ் போட்டுவிட்டு மறந்துபோய், காலையில் நானே பாஸ்வேர்டு மாற்ற வேண்டியதாயிற்று.

எக்செல் பக்கம் போகவில்லை. எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் வரும் ஃபான்டில் நேராக அச்சடித்துவிட்டேன். ஆளுக்கு ஒரு சீட்டு, 240 சீட்டு. இப்போது கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறேன்.