மார்வின் கேயோட இரட்டைக் குரல்: கானாவுக்கு எப்படி எடுக்கிறது?

புளியந்தோப்பு_டோலக்:
1971-ல வந்த 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டுல அமெரிக்கப் பாடகர் மார்வின் கே குரல் ரெண்டா கேக்குதே, அதை ஒரு கானாவுக்குப் பண்ணணும். டேக்கை (ஒரு தடவை பாடி எடுத்த பதிவை) காப்பி பண்ணி 20 மில்லிசெகண்ட் தள்ளி வெச்சா குழாய்க்குள்ள பாடுற மாதிரி ஆயிடுது. ஒரிஜினல்ல இன்னா பண்ணாங்க? கம்பெனியே அந்தப் பாட்டை வேணாம்னுச்சாமே, நெசமா?

பழைய_வண்ணாரப்பேட்டை:
காப்பி பண்றதுதான் தப்பு தல. ஒரே டேக் கொஞ்சம் தள்ளி மறுபடி வந்தா சில அலைவரிசை அடிபட்டுப் போகும், சிலது ஏறும்; குழாய் சத்தம் அதனாலதான். தள்ளாம வெச்சா சத்தம் 6 டெசிபெல் கூடும், வேற ஒண்ணும் ஆகாது.

அங்க இருந்தது ரெண்டு தனி டேக். எது தேறும்னு ஒப்பிட்டுப் பாக்க இன்ஜினியர் கென்னத் சாண்ட்ஸ் ரெண்டையும் ஒரே டேப்ல ஏத்தினார், ரெண்டும் சேந்து ஓடிடுச்சு. மார்வின் அதையே வெச்சுக்கிட்டார். கவனிச்சுக் கேளு: ஒரு குரல் நேரா பாடும், இன்னொண்ணு பின்தங்கும், முந்தும், இடைவெளில பதில் சொல்லும். ஆரம்பத்துல வர்ற சாக்ஸபோனும் ஈலை ஃபோன்டெய்ன் வார்ம்-அப்பா வாசிச்சதுதான்.

ராயபுரம்_மிக்ஸ்:
செய்முறை இதான். முதல் டேக்கை முழுசா முடிச்சிடு. ரெண்டாவது பாடும்போது ஹெட்போன் ஒரு காதுல மட்டும் இருக்கட்டும், இல்லைன்னா சுருதி நழுவும். ரெண்டாவதை 5, 6 டெசிபெல் இறக்கி, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற அடிச் சத்தத்தை வெட்டிடு. சொல் கடைசில வர்ற ட், க், ஸ் ரெண்டு டேக்லயும் விழுந்தா "டட்"னு கேக்கும். ரெண்டாவதுல அதைக் கத்தரி. கானால சொல்லுதான் உசுரு, அதனால பல்லவிக்கு மட்டும் ரெட்டைக் குரல் போதும், சரணத்துல வேணாம். இடம் வலம்னு பிரிச்சாலும் கடைசில ரெண்டையும் ஒண்ணா சேத்து மோனோல கேளு, ஜனம் போன் ஸ்பீக்கர்லதான் கேக்கப்போவுது. தகர ஷீட் கூரைன்னா மைக்குக்கு மேலயும் பின்னாடியும் கம்பளி தொங்கவிடு.

எண்ணூர்_அலை:
கம்பெனி விஷயம் நெசம்தான். மோட்டவுன் முதலாளி பெர்ரி கோர்டிக்குப் பாட்டு பிடிக்கல. 1971 ஜனவரில சிங்கிளா, அதாவது தனிப் பாட்டா வந்து அமெரிக்க பில்போர்ட் பட்டியல்ல 2-வது இடம் போனதும் அவரே முழு ஆல்பம் கேட்டார். மே 21-ல வந்துச்சு. ஆல்பம் 6-வது இடம், சோல் இசைப் பட்டியல்ல முதல் இடம். வாத்தியக்காரங்க பேரை மோட்டவுன் அட்டைல ஒழுங்காப் போட்டதும் இதுலதான். பேஸ் கிட்டார் வாசிச்சது ஜேம்ஸ் ஜேமர்சன். நம்ம கானா வீடியோல டோலக்காரர் பேரு எத்தினில இருக்கு?

அதே ஆல்பத்துல 'மெர்சி மெர்சி மீ'ன்னு ஒரு பாட்டு, கடல்ல எண்ணெய், மீன்ல பாதரசம்னு பாடுவார். 2017 ஜனவரில எண்ணூர் பக்கம் கப்பல் மோதி எண்ணெய் கொட்டினதைப் பாத்தவங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அதுலயும் அவர் குரல் அடுக்கடுக்கா இருக்கும், கேட்டுப் பாரு.

புளியந்தோப்பு_டோலக்:
ரெண்டாவது டேக்கை வேற மைக்ல எடுக்கலாமா?

ராயபுரம்_மிக்ஸ்:
எடுக்கலாம். இல்லைன்னா அதே மைக்ல ஒரு சாண் பின்னாடி தள்ளி நின்னு பாடு, குரல் தானா பின்னுக்குப் போயிடும். சத்தம் போதலன்னு கெயினை (மைக் சத்தத்தைக் கூட்டுற அளவை) மட்டும் ஏத்தாத, ரூம் எதிரொலியும் கூடவே ஏறும்.