மறு: 'பலியெலும்பு' வேண்டாம், 'வைப்பெலும்பு' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தொல்லியல் இடங்களில் கிடைக்கும் விலங்கெலும்புகளை ஆராயும் துறைக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், 'விலங்குத் தொல்லியல்' என்ற துறைப்பெயரில் எனக்கு மறுப்பு இல்லை. 'தொல்விலங்கியல்' என்றால் புதைபடிவ விலங்குகளை ஆராயும் துறை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். மனிதர் வாழ்ந்த இடத்தில் கிடைக்கும் எலும்பு, பல், கொம்பு, மீன்முள் ஆகியவற்றைக் கொண்டு அம்மனிதரை அறிவது வேறு வேலை. அதற்கு 'விலங்குத் தொல்லியல்' போதும். 'கடல்சார் தொல்லியல்' போல இதுவும் தொல்லியலின் கிளை என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

> சடங்குக்காக வைக்கப்பட்ட விலங்கெலும்புகளைப் 'பலியெலும்பு' என்று சொல்லலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது, எவருக்கும் புரியும்.

இதைத்தான் நான் ஏற்கத் தயங்குகிறேன். ஆய்வின் முடிவில் சொல்லவேண்டியதை இந்தப் பெயர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

ஐஸ்லாந்தின் வடக்கே மீவாட்ன் ஏரிப் பகுதியில் ஹோஃப்ஸ்தாதிர் என்னும் இடத்தில் வைக்கிங் (வட ஐரோப்பியக் கடலோடிகள்) காலத்துப் பெரிய விருந்து மண்டபம் ஒன்றை அகழ்ந்திருக்கிறார்கள். அங்கே 20க்கும் மேற்பட்ட மாட்டுத் தலைகள் கிடைத்தன. இரு கண்களுக்கும் நடுவே ஓங்கி அடித்த பள்ளம் பலவற்றில் தெளிவாக இருக்கிறது. கழுத்தெலும்பில் கனத்த ஆயுதம் பாய்ந்த வெட்டும் இருக்கிறது. வீட்டுத் தேவைக்கு மாடு அறுப்பவர் இப்படி வெட்டமாட்டார். இரத்தம் பீறிட வேண்டும், அதைக் கூட்டம் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தது இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிழடு தட்டிய பசுக்களோ வேண்டாத கன்றுகளோ அல்ல, நல்ல பருவத்து மாடுகள். மண்டையோடுகளில் வெயிலும் பனியும் நீண்ட நாள் பட்ட சிதைவு தெரிவதால், தலைகளை மண்டபத்தின் வெளிப்புறத்தில் காட்சியாக வைத்திருந்தார்கள் என்று அறிகிறோம். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தை ஏற்றது கி.பி. 1000 அளவில். 11ஆம் நூற்றாண்டில் மண்டபமும் கைவிடப்பட்டது. இங்கே 'பலி' என்று எழுதுவதற்கு எலும்பே சான்று தருகிறது. நானும் அப்படித்தான் எழுதுவேன்.

ஆனால் எல்லா இடத்திலும் எலும்பு இவ்வளவு பேசுவதில்லை. வட இங்கிலாந்தில் யெவரிங் என்னும் ஏழாம் நூற்றாண்டு அரச குடியிருப்பை 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் தொல்லியலாளர் பிரையன் ஹோப்-டெய்லர் அகழ்ந்தார். அங்கே ஒரு கட்டடத்துக்குள் மாட்டு மண்டையோடுகள் குவிந்து கிடந்தன. அதைக் கோயில் என்று கருதியதற்கு அந்தக் குவியலே முக்கியக் காரணம். நாம் அவற்றைப் 'பலியெலும்பு' என்று பட்டியலில் எழுதிவிட்டால், பலி நடந்ததால் கோயில், கோயில் என்பதால் பலி என்று வாதம் தன்னையே சுற்றிவரும்.

இன்னும் கடினமான சான்று ஒன்று உண்டு. 601இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி, சமயம் பரப்ப இங்கிலாந்துக்குப் புறப்பட்டிருந்த துறவி மெலிட்டஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். எட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத் துறவி பீட் தம் வரலாற்று நூலில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அந்த மக்கள் பேய்களுக்கு மாடுகளைப் பலியிட்டு வந்தவர்கள். வழக்கத்தை ஒரேயடியாக வெட்டியெறிய வேண்டாம். கோயிலாக இருந்து தேவாலயமான இடத்தைச் சுற்றிக் கிளைகளால் குடில் போட்டு, திருநாளன்று மாடுகளை அறுத்து உண்டு, இறைவனுக்கு நன்றி சொல்லட்டும் என்பது அதன் சாரம். அதே ஊர், அதே மாடு, அதே கூட்டம், அதே விருந்து. மாறியது யாரை நினைத்து அறுத்தார்கள் என்பது மட்டுமே. கத்தி பட்ட எலும்பில் அந்த வேறுபாடு பதியுமா? பதியாத ஒன்றைப் பெயரில் ஏற்றக்கூடாது என்பதுதான் என் வாதம்.

'பலி' என்னும் சொல்லுக்குத் தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலிபீடத்தில் இடுவது சோறு. பழைய வழக்கில் பூவும் சோறும்கூடப் பலிதான். இன்றைய வாசகருக்கோ பலி என்றதும் இரத்தம்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே என் பரிந்துரை 'வைப்பெலும்பு'. ஒருவர் கருதி, ஓரிடத்தில், ஒரு முறையில் வைத்தது என்பதோடு இச்சொல் நின்றுகொள்கிறது. தின்று எறிந்தவை 'கழிவெலும்பு'. வெள்ளத்தாலும் காற்றாலும் சேர்வதற்குப் 'படிவு' என்னும் சொல் புவியியலில் இருக்கிறது. மனிதக் கை வைத்ததையும் இயற்கை சேர்த்ததையும் 'வைப்பு', 'படிவு' என்று பிரிக்க முடிவது நமக்குப் பெரிய வசதி.

> வைப்பு என்றால் வங்கி வைப்புநிதிதான் நினைவுக்கு வருகிறது.

வரட்டும். அதுவும் கருதி வைத்ததுதானே. பொருள் கெடவில்லை.

> குதிரை எலும்பில் வெட்டு இருந்தால் கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய சமயத்தார் தின்றது என்று நேரடியாகச் சொல்லிவிடலாம் அல்லவா?

முடியாது, ஐயா. திருத்தந்தை மூன்றாம் கிரகோரி 732 அளவில், ஜெர்மனியில் சமயம் பரப்பிய போனிஃபாஸுக்கு எழுதியபோது குதிரை இறைச்சியை அருவருப்பானது என்று கண்டித்தது உண்மை. ஆனால் ஐஸ்லாந்தர் திருமுழுக்குப் பெற ஒப்புக்கொண்டபோது, குதிரை இறைச்சி உண்பதில் பழைய சட்டமே நீடிக்கட்டும் என்ற விலக்கையும் பெற்றார்கள் என்று 12ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஆரி தோர்கில்சன் எழுதியிருக்கிறார். அந்த விலக்கு நீடித்த சில ஆண்டுகளில் குப்பைமேட்டில் விழுந்த குதிரை எலும்பு, திருமுழுக்குப் பெற்றவர் தின்றதாகவும் இருக்கலாம். அங்கேயும் 'வெட்டுத்தடமுள்ள கழிவெலும்பு' என்பதோடு நிற்பதே நேர்மை.

மீனைப் பற்றி ஒன்று மட்டும். கிறிஸ்தவர் இறைச்சியைத் தவிர்க்கும் நோன்பு நாள் உணவு என்ற வகையில் மீன்முள் சமய மாற்றத்துக்குத் துணைச்சான்று ஆகலாம். ஆனால் மண்ணைச் சலிக்காமல் கையால் பொறுக்கினால் சிறு முட்கள் தப்பிவிடும். எனவே 'சலித்தெடுப்பு', 'கைப்பொறுக்கு' என்ற இரண்டையும் சொற்பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

எலும்பின் மேல் காணும் அடையாளங்களுக்கு இப்போதைக்கு மூன்று சொற்கள்: கனத்த ஆயுதம் பிளந்தது 'வெட்டுத்தடம்', சதையை அரியும்போது கத்தி இழுத்தது 'கீறல்தடம்', நாயோ எலியோ கொறித்தது 'கடித்தடம்'. தீயில் கருகியதற்கும் வெந்து வெளுத்ததற்கும் தனித்தனிச் சொல் வேண்டும். இறைச்சிக்கடையிலும் சூளையிலும் வேலை செய்பவர்களிடம் சொல் இருக்கலாம். பழக்கமுள்ளவர்கள் கேட்டு எழுதுங்கள்.