டெக்கரேட்டரும் டிசைனரும் தமிழில் ஒருவரா, இருவரா? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

உரும்பிராயிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் தேவைப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் தொழிற்பயிற்சி வகுப்புக்கு வரும் 18 பிள்ளைகளுக்கான பாடக்குறிப்பை மொழிபெயர்க்கிறேன். நான்காம் அலகு, இன்டீரியர் டிசைன் ஒரு தொழிலாக வளர்ந்ததில் பெண்களின் பங்கு. டெக்கரேட்டர், டிசைனர் இரண்டையும் இதுவரை ‘உள்ளக அலங்கரிப்பாளர்’ என்றே எழுதிவந்தேன். நேற்றிரவு அமெரிக்கரான புளோரன்ஸ் நோல் பற்றிய பந்தியில் மாட்டிக்கொண்டேன். தான் டெக்கரேட்டர் அல்ல, டிசைனர் என்று வலியுறுத்திவந்த பெண் அவர். என் வாக்கியமோ ‘அவர் உள்ளக அலங்கரிப்பாளர் அல்லர், உள்ளக அலங்கரிப்பாளர்’ என்று நிற்கிறது.

இது ஒரு பந்தியோடு போகிற சிக்கல் இல்லை. கன்டேஸ் வீலர் 1877இல் நியூயோர்க்கில் அலங்காரக் கலைச் சங்கத்தைத் தொடங்கியது, பெண்கள் தங்கள் கைவேலையால் பிழைக்கவேண்டும் என்பதற்காக. நடிகையாக இருந்த எல்சி டி வூல்ஃப் 1905இல் அதே நகரில் பெண்கள் கழகமான கொலனி கிளப்பின் உள்வேலையைப் பொறுப்பேற்றார். அவர்களுக்கு டெக்கரேட்டர் என்பது பெருமையான பெயர். பின்வந்தவர்களுக்கு அதே பெயர் பாரமாகிவிட்டது. 1931இல் டெக்கரேட்டர் என்ற பெயரோடு அமெரிக்காவில் தொடங்கிய சங்கம், 1975இல் இன்னொரு சங்கத்தோடு இணைந்தபோது டிசைனர் சங்கமாகியிருந்தது. தமிழில் இரண்டு சொல் இல்லாவிட்டால் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே முடியாது.

கோண்டாவிலிலிருந்து:

தங்கச்சி, முதலில் ‘உள்ளகம்’ என்பதை விட்டுவிடுங்கள். உள் என்றாலும் அகம் என்றாலும் பொருள் ஒன்றே. இரண்டையும் ஏன் அடுக்கவேண்டும்? அகம் போதும். அகம் என்பதன் முன் செவியும் கையும் வந்தால் இடையெழுத்துக் கெட்டு அஞ்செவி, அங்கை ஆகும் என்கிறது நன்னூல். அணி வந்தால் அந்தத் தொல்லை இல்லை, அகவணி. அதைச் செய்பவர் அகவணியர். அணி என்பதை நகை என்று மட்டும் கொள்ளாதீர்கள். படையும் அணி, வரிசையும் அணி, செய்யுளின் அழகும் அணி. ஒழுங்கு, அழகு இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன.

நெடுநல்வாடையை எடுத்துப் பாருங்கள். அரசியின் அறையில் வெள்ளிபோல விளங்கும் சுதை என்கிற சுண்ணச் சாந்து, செம்பால் செய்தது போன்ற நெடுஞ்சுவர், அதன்மேல் பல பூக்களோடு வளையும் ஒற்றைக் கொடி. நக்கீரர் காலத்திலேயே நம்மிடம் இந்தத் துறை இருந்திருக்கிறது. பெயர்தான் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

உரும்பிராயிலிருந்து:

மாஸ்டர், உங்கள் மடலைப் படித்துவிட்டு அந்தப் பகுதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கயிறிட்டு மனை வகுத்தவர்களை ‘நூலறி புலவர்’ என்று நக்கீரர் மரியாதையாகச் சொல்கிறார். சுவரில் அந்தக் கொடியை வரைந்த கை யாருடையது என்று ஒரு சொல்லும் இல்லை. என் அலகு முழுக்க அந்தக் கையைப் பற்றியதுதான்.

கரவெட்டியிலிருந்து:

பிள்ளை, நான் 31 வருடம் மனைப்பொருளியல் படிப்பித்தவள். ‘மனையணி’ என்று எழுதுங்கள். மாணவிகளுக்கு மனை என்ற சொல் பழகியது.

எங்கள் அம்மா சாணி மெழுகுவதை நினைத்துப் பார்க்கிறேன். உள்மூலையில் தொடங்கிப் பின்பக்கமாகவே குந்தி நகர்ந்து வருவார். உள்ளங்கை ஒவ்வொரு முறையும் அரைவட்டமாகப் போகும். ஓர் அரைவட்டத்தின் விளிம்பை அடுத்தது மூடும். காய்ந்த பிறகு நிலம் முழுக்க மீன் செதில் போலத் தெரியும். சுவரடியில் நாலு விரல் அகலத்துக்கு நேராக ஒரு கரை விடுவார். அளவுகோல் பிடித்ததில்லை. அது அலங்காரமா, வடிவமைப்பா? எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

கந்தர்மடத்திலிருந்து:

நான் கட்டட வரைபடம் வரைகிறவன். என் தாளைப் படிப்பவர்கள் மரவேலை செய்யும் ஓடாவியாரும் மேசனும். அகவணி என்று எழுதிக்கொடுத்தால் அது என்ன அணி என்று கேட்டுத் தொலைபேசி எடுப்பார்கள்.

தூய்மை பேசுகிறவர்கள் தங்கள் வீட்டுக்குள் ஒரு சுற்று வந்து பார்க்கவேண்டும். விறாந்தை, யன்னல், கதிரை, மேசை, அலுமாரி, குசினி எல்லாம் போர்த்துக்கேயம் தந்தவை. அவற்றில் எதைக் கேட்டாலும் நமக்கு வீட்டு ஞாபகம்தான் வருகிறது.

கோண்டாவிலிலிருந்து:

தம்பி, யன்னலுக்கு முன்பே நம்மிடம் ‘காலதர்’ இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி! அப்படி ஒரு சொல்லைத் தொலைத்துவிட்டு, இரவல் சொல் இனிக்கிறது என்று எப்படிச் சொல்ல முடிகிறது? அலங்காரமும் இரவல்தான். வடமொழியில் ‘அலம்’ என்றால் போதும். போதுமானதாக்குவது, நிறைவாக்குவது அலங்காரம். மூலத்தில் அதற்குச் சிறுமை ஏதும் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

உரும்பிராயிலிருந்து:

ரீச்சர், மனையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கொலனி கிளப் பெண்கள் கூடும் கழகம், வீடல்ல. நோல் திட்டமிட்டவை பெருநிறுவனங்களின் அலுவலகங்கள். தமிழில் மனையிலிருந்து மனைவிக்கு எவ்வளவு தூரம்? வீட்டை விட்டு வெளியே வந்து தொழில் செய்த பெண்களை நாங்களே வீட்டுக்குள் அனுப்பிவிடுவோம். 1927இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஷார்லொட் பெரியாண்ட் வேலை கேட்டுப் போனபோது, மெத்தைத் திண்டுக்குப் பூத்தையல் போடும் இடம் இதுவல்ல என்று கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே திருப்பி அனுப்பினார். பிறகு அவருடைய கண்காட்சி வேலையைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். அந்த ஏளனத்தின் வாடை நம் சொல்லில் இருக்கக்கூடாது.

கரவெட்டியிலிருந்து:

மனையை விடுகிறேன், நீங்கள் சொல்வது சரி. ஆனால் பூத்தையலை ஏளனம் செய்தவர் அந்த மனிதர். பூத்தையல் என்ன பிழை செய்தது? அலங்காரத்தைக் கீழே வைத்து வடிவமைப்பை மேலே வைத்தால் அவர் சொன்னதையே நாமும் சொல்கிறோம்.

நம் நாட்டையே பாருங்கள். 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண் மினெட் டி சில்வா. கண்டியில் அவர் கட்டிய வீட்டின் கதவுகளில், கண்டியை அடுத்த தும்பறையின் பாய் நெசவு இருக்கிறது. பெந்தோட்டையில் ஜெஃப்ரி பாவா கட்டிய ஹோட்டலின் கூரைக்கு ஏனா டி சில்வா மெழுகிட்டுச் சாயமேற்றிய பத்திக் துணிகள். அண்ணாந்து பார்த்தால் கூரையாகத் தெரிவதே அந்தத் துணிதான். அதை எந்தச் சொல்லில் அடைப்பீர்கள்?

ரொறன்ரோவிலிருந்து:

உள்ளகம் என்றதும் என் காதில் ‘உள்ளகப் பொறிமுறை’ என்றுதான் விழுகிறது. இலங்கைப் போர்க்குற்ற விசாரணை பற்றிய அறிக்கைகளில் அடிபட்டுச் சலித்த சொல். ‘அகவெளி வடிவமைப்பு’ என்று எழுதலாமே? இந்தத் துறை கையாள்வது சுவரை அல்ல, சுவர்களுக்கு நடுவே உள்ள வெளியை.

கந்தர்மடத்திலிருந்து:

அண்ணா, அகவெளி என்றால் பிள்ளைகள் தியான வகுப்பு என்று நினைத்துவிடுவார்கள். உள்ளகக் கணக்காய்வு என்று வங்கியிலும் கந்தோரிலும் எழுதுகிறார்கள், யாரும் தடுமாறவில்லை. உள்ளக வடிவமைப்பு என்பதற்கு என் வாக்கு.

உரும்பிராயிலிருந்து:

வியாழன் இரவாகிவிட்டது. இங்கே வராத மடல்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் உள்ளகத்துக்கு ஐந்து, அகவணிக்கு இரண்டு, அகவெளிக்கு ஒன்று. டெக்கரேட்டர் உள்ளக அலங்கரிப்பாளர், டிசைனர் உள்ளக வடிவமைப்பாளர் என்று அனுப்புகிறேன். ரீச்சர் சொன்னதை விட மனமில்லை. வீலர், டி வூல்ஃப் வரும் பக்கங்களில் அலங்கரிப்பாளர் என்பதை அவர்கள் விரும்பி ஏற்ற பெயராகவே எழுதியிருக்கிறேன். நோலிலிருந்துதான் சொல் மாறுகிறது.

கோண்டாவிலிலிருந்து:

பெரும்பான்மையால் சொல் நிலைக்காது, தங்கச்சி, வழக்கால் நிலைக்கும். நான் அகவணி என்றே எழுதுவேன். அடுத்த பதிப்பில் காலதருக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

கரவெட்டியிலிருந்து:

பாடக்குறிப்பின் இரண்டாம் அச்சுப் படிவத்தில் மினெட் டி சில்வாவின் படத்துக்குக் கீழே ‘பெண் கட்டடக் கலைஞர்’ என்று இருக்கிறது. பாவாவின் படத்துக்குக் கீழே ‘கட்டடக் கலைஞர்’. அச்சகத்துக்குக் கொடுக்கமுன் அந்த ‘பெண்’ணை எடுத்துவிடுங்கள்.